பெட்டி பழுதானால் பொருளும் போக வேண்டுமா?

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். குடும்பத் தலைவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். மகள் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். தந்தையார் தம் இறுதிக் காலத்தில், தம்முடைய பாட்டனார் கடல் கடந்து வாணிபம் செய்த கதையையும், எந்த வீட்டார் தமக்கு எவ்வகையில் உறவு என்னும் விவரத்தையும் விரிவாகச் சொல்லுவார். மகன் விடுமுறையில் வரும்போதெல்லாம் அவற்றை அவர் குரலிலேயே பதிவு செய்து, வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்திருந்தார்.

ஒருநாள் காலை அந்தக் கணினி இயங்க மறுத்தது. நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றும், புள்ளிகள் வட்டமிடும், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அம்மையார் அதைக் கடைக்கு அனுப்பினார். இரண்டே நாளில் கணினி திரும்பி வந்தது. "புதுசு மாதிரி ஆக்கிட்டேன்மா" என்றார் கடைக்காரர். உண்மைதான், முன்பைவிட விரைவாகவே இயங்கியது. அன்றிரவு மகன் தொலைபேசியில் கேட்டார்: "உம்மா, வாப்பா பேசினதெல்லாம் இருக்குதா?"

இல்லை. திரை வெறுமையாக இருந்தது.

"சி டிரைவை மட்டுந்தான் ஃபார்மட் செய்தேன். டி டிரைவில் கை வைக்கவில்லை" என்றார் கடைக்காரர். அதுவும் உண்மைதான். ஆனால் பதிவுகள் அனைத்தும் திரையின் முகப்பில், அதாவது டெஸ்க்டாப்பில் வைக்கப்பட்டிருந்தன. வழக்கமான அமைப்பில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்றும் சி டிரைவுக்குள்ளேயே அடங்கியவை என்பது அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. "இதை ஓட வையுங்கள்" என்று கேட்டார்கள். அவர் ஓட வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்பிற்குரிய வாசகர்களே! இத்தகைய இழப்புகளிற் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை. அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை. ஓர் ஒழுங்கை மட்டும் நினைவிற் கொண்டால் போதும்: முதலில் கோப்புகளை வெளியே எடுத்தல், அதன் பின்னரே பழுது பார்த்தல்.

கதவு வேறு, களஞ்சியம் வேறு

கணினியின் பொத்தானை அழுத்தியதும் என்ன நிகழ்கிறது? முதலில் மின்சாரம் பாய்கிறது. அடுத்து, மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை தன் உறுப்புகளைத் தானே சோதித்துக் கொள்கிறது. மூன்றாவதாக, டிஸ்க் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிறது. நான்காவதாக, அந்த டிஸ்கிலிருந்து விண்டோஸ் போன்ற இயக்க முறைமையை எடுத்து ஓட்டுகிறது. இந்த நான்கில் எந்தப் படி தவறினாலும் நாம் சொல்வது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் போய்விட்டது."

ஆனால் நம் புகைப்படங்களும் கடிதங்களும் கணக்குகளும் டிஸ்க் என்னும் ஒரே உறுப்பில்தான் இருக்கின்றன. மின்வழங்கி எரிந்து போனாலும், திரை இருண்டு போனாலும், விண்டோஸ் சிதைந்து போனாலும், டிஸ்க் நலமாக இருக்கும்வரை கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பண்டகசாலையின் கதவு இறுகிக் கொண்டதால் உள்ளிருக்கும் நெல் கெட்டுப் போய்விடுவதில்லை. கதவைத் திறக்க வழி தெரியாமல் பண்டகசாலைக்கே தீ வைப்பதுதான் ஃபார்மட் செய்வது.

உலகமே கண்ட ஒரு சான்று

2024 ஜூலை 19 அன்று இவ்வுண்மையை உலகமே கண்கூடாகக் கண்டது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி அன்று காலை 9.39 மணிக்குத் தன் மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அதிலிருந்த பிழையால், அதைப் பெற்ற கணினிகள் நீலத் திரையைக் காட்டி விழுந்தன. மீண்டும் எழ முயன்று மீண்டும் விழுந்தன. ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளும் வங்கிகளும் திணறின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

இதற்குத் தீர்வு யாது? கணினியைச் சேஃப் மோட் என்னும் குறைந்தபட்ச நிலையில் தொடங்கி, குறிப்பிட்ட ஒரே ஒரு கோப்பை நீக்குவதே. அதை நீக்கியதும் கணினி பழையபடி எழுந்தது. உள்ளிருந்தவை அப்படியே இருந்தன. "ஃபார்மட் செய்துவிடலாம்" என்று எல்லோரும் கிளம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்று பலர் மற்றொரு பாடத்தையும் கற்றனர். பிட்லாக்கர் என்னும் பூட்டினால் பூட்டப்பட்ட டிஸ்குகளைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி தேவைப்பட்டது. சாவியைக் குறித்து வைக்காதவர்கள் வாசலிலேயே நின்றார்கள். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எந்தப் படியில் நின்றது?

கணினி தொடங்காதபோது பதறாமல், அது எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

விளக்கே எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் அது மின்சாரக் கோளாறு. வேறொரு பிளக்கில் செருகிப் பாருங்கள். மடிக்கணினியாயின் வேறு சார்ஜரை முயன்று பாருங்கள். மின் இணைப்பை நீக்கி, கழற்றக் கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பின்னர் இணைத்தால் சில கணினிகள் எழுந்துவிடும். இவை எவற்றாலும் கோப்புகளுக்குத் தீங்கில்லை.

விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது அல்லது 'பீப்' ஒலி தொடர்ந்து கேட்கிறது என்றால், ரேம் பலகை தன் இடத்தில் சரியாக அமராமல் இருக்கலாம். மேசைக் கணினியில் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை எழுதுகோல் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்துவது நம்மூர்க் கடைகளில் வழக்கம். பல வேளைகளில் இதுவே போதுமானதாக இருக்கிறது.

கணினியின் கடிகாரம் அடிக்கடி பழைய தேதியைக் காட்டுமானால், தாய்ப்பலகையில் உள்ள சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் வில்லை பேட்டரி தீர்ந்திருக்கும். அது தீர்ந்தால் தொடக்க அமைப்புகள் மாறிப்போய், கணினி தன் டிஸ்கையே காணாமல் தவிக்கக் கூடும். சிறு செலவில் தீரும் குறை இது.

சின்னம் தோன்றி, வட்டம் சுழன்று, மேலே செல்லாமல் நின்றால் குறை பெரும்பாலும் விண்டோஸிலோ டிஸ்கிலோ இருக்கிறது. நம் கதையில் வரும் வீட்டுக் கணினி நின்றதும் இந்த இடத்தில்தான். முதல் நாள் இரவு புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றுபோனதைப் பின்னர்தான் நினைவுகூர்ந்தார்கள்.

ஒலி கேட்டால் நிறுத்திவிடுங்கள்

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. பழைய கணினிகளில் இருப்பது ஹார்ட் டிஸ்க் என்னும் சுழல் தட்டு. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஓரிரு புகைப்படங்களுக்கே அந்த இடம் போதாது. அளவு சுருங்கினாலும் தத்துவம் மாறவில்லை. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. அம்முனை தட்டில் உரசினால், உரசிய இடத்தில் எழுதப்பட்டிருந்தது நிரந்தரமாக அழிகிறது.

ஆகவே கணினியிலிருந்து 'டக்... டக்...' என்று ஒரே சீரான தட்டல் ஒலியோ கிறீச்சிடும் ஒலியோ கேட்டால், உடனே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது ஒவ்வொரு முறையும் இழப்பைப் பெருக்கும். டிஸ்கைக் குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பார் பேச்சை நம்ப வேண்டாம். அதன் மூடியைத் திறக்கவும் வேண்டாம். வீட்டுக் காற்றிலுள்ள ஒரு தூசியே அந்த இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியது. இந்நிலையில் தரவு மீட்பையே தொழிலாகக் கொண்டவர்களிடம் மட்டுமே அதை ஒப்படைக்க வேண்டும்.

டிஸ்கில் பிழை இருக்கிறது, சரி செய்யவா என்று கணினி கேட்டாலும் கோப்புகளை எடுக்குமுன் இசையாதீர்கள். அந்தப் பழுதுபார்ப்பும் டிஸ்கில் எழுதுகின்ற வேலையே. நலிந்த டிஸ்கிடம் படிக்கும் வேலையை மட்டும் வாங்குங்கள். எழுதும் வேலையை வாங்காதீர்கள்.

கோப்புகளை வெளியே எடுக்கும் மூன்று வழிகள்

ஒலி ஏதும் இல்லை. டிஸ்க் நலமாகவே தோன்றுகிறது. எனில் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, விண்டோஸின் மீட்புத் திரை. தொடங்கும்போது இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைப்பட்டால் கணினியே அத்திரையைக் காட்டும். அங்கே 'டிரபிள்ஷூட்', அதனுள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதனுள் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்று செல்லுங்கள். கறுப்புத் திரையில் 'நோட்பேட்' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் சிறிய எழுதுபலகை ஒன்று திறக்கும். அதன் 'ஃபைல்' பட்டியலில் 'ஓப்பன்' என்பதை அழுத்தி, எல்லா வகைக் கோப்புகளையும் காட்டுமாறு மாற்றினால், உங்கள் டிஸ்க் முழுவதும் கண்முன் விரியும். வேண்டியவற்றை அங்கிருந்தே நகலெடுத்துப் பென் டிரைவில் ஒட்டலாம். டிரைவுகளின் எழுத்து மாறியிருக்கக் கூடும். சி என்பது டி ஆகத் தோன்றலாம். நகலெடுப்பு எவ்வளவு நடந்தது என்பதும் திரையில் தெரியாது. பொறுமை வேண்டும்.

இரண்டாம் வழி, வேறோர் இயக்க முறைமையை வெளியிலிருந்து கொண்டு வருவது. உபுண்டு என்னும் இலவச மென்பொருளை இன்னொரு கணினியின் உதவியால் பென் டிரைவில் ஏற்றி, பழுதான கணினியை அதிலிருந்து தொடங்கலாம். அப்போது 'முயன்று பார்க்க' என்றும் 'நிறுவ' என்றும் இரு வழிகளைக் காட்டும். முயன்று பார்ப்பதை மட்டுமே தேர்ந்தெடுங்கள். நிறுவுவதைத் தேர்ந்தெடுத்து அவசரமாக மேலே சென்றால், எதைக் காக்க வந்தோமோ அதையே அழித்துவிட நேரும்.

மூன்றாம் வழி, டிஸ்கையே கழற்றி, அதற்குரிய யு.எஸ்.பி. இணைப்பானில் பொருத்தி, நலமான வேறு கணினியில் பென் டிரைவைப் போல் செருகுவது. தாய்ப்பலகை எரிந்து போன கணினிக்கும் இது பொருந்தும். ஆனால் சில மெல்லிய மடிக்கணினிகளில் டிஸ்க் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்ற இயலாது.

இம்மூன்று வழிகளுக்கும் பொதுவான தடை, முன்னே சொன்ன பிட்லாக்கர் பூட்டு. புதிய விண்டோஸ் 11 கணினிகளை மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே தொடங்கும்போது, நாம் கேளாமலே டிஸ்க் பூட்டப்படுவது உண்டு. திருடனிடமிருந்து காக்கும் நல்ல பூட்டு அது. ஆனால் சாவி நம்மிடம் இருக்க வேண்டும். அந்த 48 இலக்கச் சாவி அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நலமாக இருக்கும் இன்றைக்கே அதைத் தேடி எடுத்து, வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

கோப்புகள் கைக்கு வந்த பின்னர் விண்டோஸை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அதன் 'ரீசெட்' வசதி, என் கோப்புகளை வைத்துக்கொள் என்றும், எல்லாவற்றையும் நீக்கு என்றும் இரண்டு தெரிவுகளைத் தரும். முதலாவது நம் கோப்புகளை விட்டுவைத்து, நாம் நிறுவிய மென்பொருள்களை நீக்கும். ஆயினும் அதை நம்பி நகலெடுக்காமல் இறங்குவது அறிவுடைமை அன்று.

அழிந்ததை மீட்க முடியுமா?

அந்த வீட்டார் கேட்டதும் இக்கேள்வியையே. பழைய ஹார்ட் டிஸ்கில் விரைவு முறையில் ஃபார்மட் செய்தால், நூலின் பொருளடக்கத்தைக் கிழித்தெறிவதைப் போன்றதுதான். பக்கங்கள் உள்ளேயே இருக்கும். அந்த நிலையில் கணினியை நிறுத்திவிட்டால் மீட்பு மென்பொருள்களால் பலவற்றைத் திரும்பப் பெறலாம். ஆனால் அந்தப் பக்கங்களின் மீதே புதிய விண்டோஸை எழுதிவிட்டால், எழுதிய அளவுக்குப் பழையது மறைந்துவிடும்.

இக்காலத்து எஸ்.எஸ்.டி. வகையில் நிலைமை இன்னும் கடினம். அதில் சுழலும் தட்டு இல்லை. எனவே நோய்க்கு முன்னறிகுறியாக ஒலியும் எழாது. அழிக்கப்பட்ட இடங்களை இயக்க முறைமை அதற்குத் தெரிவித்துவிடும். டிஸ்க் தானே அவற்றைத் துடைத்துத் தூய்மை செய்துகொள்ளும். அதன் பின் மீட்பது பெரும்பாலும் இயலாது. அந்த வீட்டுக் கணினியில் இருந்தது எஸ்.எஸ்.டி.தான்.

கடைக்குக் கொடுக்கும்போது

எல்லோராலும் இவற்றை வீட்டிலேயே செய்ய முடியாது. கடைக்குத்தான் செல்ல வேண்டும். அப்போது ஒரு தாளில் நான்கு வரிகளை எழுதிக் கணினியின் மீதே ஒட்டிக் கொடுங்கள்.

ஒன்று: உள்ளே எனக்கு வேண்டிய கோப்புகள் இருக்கின்றன.
இரண்டு: என்னைக் கேளாமல் எந்த டிரைவையும் ஃபார்மட் செய்ய வேண்டாம்.
மூன்று: பழுது பார்க்குமுன் கோப்புகளை நான் தரும் வெளி டிஸ்கில் நகலெடுத்துக் கொடுங்கள்.
நான்கு: டிஸ்கை மாற்ற நேர்ந்தால் பழைய டிஸ்கை என்னிடமே திருப்பிக் கொடுங்கள்.

நான்காவது வரியை எளிதாக எண்ண வேண்டாம். வீட்டுப் பெண்களின் புகைப்படங்களும், நிக்காஹ் காணொளியும், வங்கித் தாள்களும் உள்ள டிஸ்க் அந்நியர் கையில் தங்குவது எந்தக் குடும்பத்துக்கும் நல்லதன்று. கூடுமானால் நகலெடுக்கும் வேளையில் வீட்டார் ஒருவர் உடனிருப்பது சிறப்பு. கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களிடம் வருவது பெட்டி மட்டுமன்று, ஓர் அமானிதம். "உள்ளே என்ன இருக்கிறது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஒரே இடத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம்

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்னும் திரைப்படம் உருவாகிக் கொண்டிருந்தது. எவரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காப்பு நகலை நாடினால், அது சரியாகப் பதிவாகவே இல்லை என்பது தெரிய வந்தது. அவர்களைக் காத்தவர் கேலின் சஸ்மன் என்னும் பெண்மணி. குழந்தை பெற்றிருந்த அவர், வீட்டிலிருந்தே பணிபுரிவதற்காகப் படத்தின் நகலைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வைகளால் சுற்றிக் காரில் கொண்டு வந்தார்கள். பேரும் பொருளும் உடைய நிறுவனத்தைக் காத்தது, தாயொருத்தியின் வீட்டில் இருந்த இன்னொரு நகல்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவச் செய்த ஒரு விதி உண்டு: மூன்று நகல்கள், அவை இருவேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். நமக்கு அது எளிது. கணினியில் ஒன்று, அலமாரியில் உள்ள வெளி டிஸ்கில் ஒன்று, உடன்பிறந்தார் வீட்டிலோ இணையக் கிடங்கிலோ ஒன்று. நகலெடுத்தால் மட்டும் போதாது. அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். பிக்சார் நிறுவனத்தார் செய்யத் தவறியது அதையே.

அந்தக் குடும்பத்தின் கதை அத்துடன் முடியவில்லை. வெளிநாட்டிலிருந்த மகனின் பழைய கைப்பேசி ஒன்றில் வாப்பாவின் பதிவுகள் மூன்று தப்பிக் கிடந்தன. அவற்றைத் தங்கைக்கு அனுப்பினார். கடந்த மழைக்காலத்தில் தங்கையின் மடிக்கணினியும் ஒருநாள் இருண்டு போயிற்று. அவர் எவரிடமும், "இதை ஓட வையுங்கள்" என்று சொல்லவில்லை. "முதல்ல டிஸ்கைக் கழற்றி, உள்ளே இருக்கிறதை எடுத்துக் கொடுங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்றார். கடைக்காரர் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினார். அது பூட்டின் சாவியைக் கேட்டது. அம்மையார் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து 48 இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் வெளி டிஸ்குக்கு வந்து சேர்ந்தன. தாய்ப்பலகை எரிந்திருந்ததால் அந்த மடிக்கணினி பழைய சாமான் கடைக்குப் போயிற்று. வாப்பாவின் குரல் இன்று மூன்று வீடுகளில் இருக்கிறது.